கீழே விழுந்த உறைகள்

“ஐயோ, மறுபடியும்!” என்று கத்திய டாக்டர் பெனசிர், கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் எறிந்தார்.

நுண்ணோக்கித் திரையில் ஆட்டுக்கால் நரம்பின் இரண்டு நுனிகளும் முடியைவிட மெல்லிய தையலில் அழகாகச் சேர்ந்திருந்தன. அந்த இணைப்பை மூட வேண்டிய என் உறை, பக்கத்துக் கிண்ணத்து உப்புநீரில் மிதந்துகொண்டிருந்தது. தைப்பதற்கு முன்பே அதை ஒரு நுனியில் நுழைத்துப் பின்னால் தள்ளி வைத்திருக்க வேண்டும். தைத்து முடித்த பிறகு நுழைக்க வழி கிடையாது. மறுபடி அறுக்க வேண்டும். ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் நரம்பு கொஞ்சம் குட்டையாகும்.

“இன்னிக்கு மூணாவது தடவை, பரிதி. இருபது வருஷமா தைக்கிறேன். தைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை மாட்டணும்கிறது இந்தக் கைக்கு ஏறவே மாட்டேங்குது.”

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. உள்ளே ஏதோ குதித்துக்கொண்டிருந்தது. காரணம், அதற்கு முந்தைய ஒரே ஒரு முறை அவர் மறக்காமல் மாட்டியிருந்தார். வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றினோம். உறை சுருங்கி நரம்பைக் கவ்வியது. மேல் நுனியில் மின்சாரத்தைத் தொட்டவுடன் கீழே ஆட்டின் தசை துள்ளியது. அறுந்த நரம்பு வளர்ந்து சேர மாதக்கணக்காகும். சேராமலே போவதும் உண்டு. என் உறையின் உட்பூச்சு அந்தச் சமிக்ஞையை அந்த நிமிடமே கடத்தியது. நான்கு வருட வேலை; வயர் இணைப்புகளில் ஏற்றிச் சுருக்கும் குழாயைப் பார்த்துச் செய்தது.

“வயர் வேலை செய்யறவங்களும் இப்படி மறப்பாங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“எல்லாரும் மறப்பாங்க டாக்டர். மறக்காத ஆள் எங்கயாவது இருப்பாங்க.”

அந்த ஆளைத் தேடித்தான் குறிச்சிக்குப் போனேன். பேருந்துகளுக்கு வயர் ஹார்னஸ் செய்யும் தொழிற்சாலை அது. நூற்றுக்கணக்கான வயர்களை ஒரே கட்டாகக் கோத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் கறுப்புக் குழாயை ஏற்றி, சூடான காற்றை அடித்துச் சுருக்கி மூடுகிற வேலை. அறுபது பெண்கள் வரிசையாக நின்று செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் காதில் தோட்டுக்குப் பக்கத்தில் அதே கறுப்புக் குழாய் தொங்கியது.

“சட்டை மாட்ட மறந்துட்டாளுங். சாயந்தரம் வரைக்கும் அதுதான் கம்மல்” என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். நாற்பத்தைந்து வயது இருக்கும்; மூக்கு நுனியில் கண்ணாடி. வரிசைக்குத் தலைவி, பெயர் கோகிலவாணி. சுருங்கும் குழாயை அங்கே எல்லோரும் சட்டை என்றுதான் சொன்னார்கள்.

“மூணு தடவை மறந்தா?”

“மூக்குத்தியும் உண்டுங்.”

“எங்க டாக்டர் இன்னிக்கு மூணு மறந்துட்டாங்க.”

“அப்ப மூக்கைக் குத்திற வேண்டியதுதானுங்” என்றார். வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

கொண்டுபோயிருந்த மாதிரிகளை மேசையில் பரப்பினேன். அவர் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. விரலால் உருட்டியே சொன்னார்.

“இது பிவிசி. பஸ்ஸுக்குள்ள போட மாட்டோமுங். தீப்புடிச்சா அந்தப் புகையே ஆளை முடிச்சுரும். இது பாலியோலிஃபின், அன்னாடம் பொழங்கறது, நூறு டிகிரிக்கு மசிஞ்சுரும். இது டெஃப்லான். பிடிவாதக்காரன், முந்நூறைத் தாண்டுனாத்தான் திரும்பிப் பாப்பான். இது சிலிக்கோன், ரப்பராட்ட வளையும்.” கடைசியாக என்னுடையதை எடுத்தார். அரிசி மணியில் பாதி. “இதென்னங் இது? மீன் கண்ணாட்ட வழுவழுன்னு?”

“இது மனுஷ நரம்புக்கு. நாப்பத்துமூணு டிகிரியில சுருங்கும். குழாயை முதல்ல சின்னதா செஞ்சு, கதிர்வீச்சுல அதோட இழைகளுக்கு நடுவுல முடிச்சுப் போட்டுருவோம். அப்புறம் சூடு பண்ணிப் பெரிசாக்கி, அப்படியே குளிர வச்சு…”

“தெரியுமுங். பொறந்த அளவை அது மறக்காது. பெருசாட்ட சும்மா நடிச்சுட்டு இருக்கும். சூடு பட்டா பொறந்த அளவுக்கே போயிரும்.” மறுபடி உருட்டினார். “மனுசனுக்குக் காய்ச்சல் வந்தா?”

என் கம்பெனியில் இந்தக் கேள்வியை முதலில் கேட்க ஆறு மாதம் ஆகியிருந்தது.

“நாப்பத்திரண்டு வரைக்கும் அசையாது. சோதிச்சிருக்கோம்.”

“எத்தனை நாளைக்கு?”

“வருஷக்கணக்கா.”

“அப்பச் சரி” என்றவர், பேசிக்கொண்டே கையிலிருந்த வயரில் ஒரு சட்டையை நுழைத்தார். தொடர்ந்து இன்னொன்றையும் நுழைத்து ஒரு சாண் பின்னால் தள்ளினார். அதன் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்துவிட்டு, முன்னால் இருந்ததை மட்டும் சூடாக்கினார்.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு இன்னைக்கு. ஒண்ணு என்னைக்காச்சும்.” சூடான காற்றின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். “ரெண்டு முனையும் மாட்டிட்டா பொறவு புதுசு ஏத்த முடியாதுங்ளே. நாளைக்கு எவனாச்சும் பிரிச்சான்னா உள்ள ஒண்ணு தயாரா இருக்கோணும். டிராயிங்ல கெடையாது. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா கத்துவாரு. பழக்கமுங்.”

அடுத்த வாரம் அவர் எங்கள் கம்பெனி வேலைக்கு வந்து ஆய்வகத்தில் இருந்தார். இருபது ஆட்டுக்கால்கள், நூற்றுச் சொச்சம் இணைப்புகள். ஒன்றில்கூட மறக்கவில்லை, ஒரு உறையையும் நசுக்கவில்லை. டாக்டர் பெனசிர் தைப்பார். உறை வேலைக்கு மட்டும் நகர்ந்து இடம் கொடுப்பார். இரண்டு பேரும் அடுப்படியில் கூட்டு வேலை செய்கிறவர்கள்போல ஒருவர் கை மேல் ஒருவர் கை படாமல் இயங்குவதை நான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் மனிதன் பூவேந்திரன். இருபத்தேழு வயது, வார்ப்படச் சாலையில் வேலை. அரைக்கும் சக்கரம் உடைந்து தெறித்ததில் வலது மணிக்கட்டு நரம்பு அறுந்திருந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் செத்துக் கிடந்தன. செலவு முழுக்கக் கம்பெனியுடையது. ஆனால் எங்கள் மேலாளர் ஹரிபாபு ஒரு நிபந்தனை வைத்தார்.

“அசைவைக் கொடு, தொடுவுணர்ச்சியைக் கொடு. வலியையும் சூட்டையும் கொண்டுபோற இழை தனியாத்தானே இருக்கு? அதை மட்டும் இணைக்காதே. ரெண்டு நுனிக்கும் மூடி போட்டு விட்டுரு. அறுந்ததை ஒட்டினோம்னா நாம ஒரு மருந்துச் சாமான் கம்பெனி, அவ்வளவுதான். வலியே இல்லாத கையைக் கொடுத்தோம்னா ஊரே நம்ம வாசல்ல நிக்கும், பரிதி.”

உறையின் இன்னொரு வகைதான் மூடி. ஒரு பக்கம் அடைத்தது, மின்சாரம் கடத்தாதது. எந்த வயரையாவது பயன்படுத்தாமல் விடும்போது நுனியில் ஏற்றுவார்களே, அதேதான். அதையும் நான்தான் செய்திருந்தேன். என்னால் முடியும் என்பதற்காகச் செய்து வைத்திருந்தேன்.

பூவேந்திரனிடம் இதை விளக்கியபோது அவன் முகம் மலர்ந்தது.

“சுட்டாத் தெரியாதாண்ணா? நான் நிக்கிறதே உலை வாயில. எனக்கு இது வரமில்லீங்களா?”

பக்கத்தில் அவன் மனைவி ஷர்மி, ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். “சுட்டாத் தெரியாது சரி. சுடும்ல?”

“நீ சும்மா இரு புள்ள.”

அவன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டான். நான் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன்.

அறுவை அறையில் ஐந்து இழைகளைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் துளி மின்சாரம் விட்டால், தூங்குகிறவன் மூளையில் எது விழிக்கிறது என்று திரை காட்டும். அசைவுக்கு இரண்டு, தொடுவுணர்ச்சிக்கு இரண்டு, வலிக்கு ஒன்று. தட்டில் நான் எண்ணி வைத்தது இரு பக்கமும் திறந்த ஐந்து நேர் உறைகளும் இரண்டு மூடிகளும். ஐந்தாவது உறை, ஏதாவது ஒன்று நசுங்கினால் மாற்றுவதற்கு.

உறை வேலை தொடங்கியதும் டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மூளைத் திரைக்குத் திரும்பிவிடுவார். என் வேலை வெப்பமானி. உப்புநீர் நாற்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. நான் அந்த எண்ணைவிட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை.

“குளுந்த பஞ்சு ஒண்ணு குடுங்” என்றார் கோகிலவாணி.

“எதுக்குக்கா?” என்றார் டாக்டர் திரும்பாமலே.

“பழக்கமுங்.”

முதல் உறை சுருங்கியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதும் கவ்வியதும் மணிக்கட்டுக்கு மேலே டாக்டர் மின்முனையைத் தொட்டார். மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த கட்டைவிரல் துள்ளி எழுந்தது. எல்லோரையும் கூப்பிடுவதுபோல மடங்கி மடங்கி நிமிர்ந்தது. நர்ஸ் ஒருவர் ‘ஓ’ என்று கத்தினார். டாக்டர் கையுறையோடு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். கோகிலவாணி மட்டும் கடைசி இழைக்கு மூடிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பதிவேட்டைத் திறந்தேன். “மூடி ரெண்டு, நேர் உறை நாலு. மிச்சம் ஒண்ணு எங்கக்கா?”

“கீழ விழுந்துருச்சுங்.”

தரையைப் பார்த்தேன். அரிசி மணியில் பாதி, கண்ணாடிபோல இருப்பது, எங்கே கிடைக்கும்? ‘நேர் உறை ஒன்று, கீழே விழுந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பிறகு நடந்தது எங்கள் யாருடைய கணக்கிலும் இல்லாதது. பூவேந்திரன் சூடான அச்சுப் பெட்டியை வெறும் விரலால் தள்ளிவிட்டுச் சிரிக்கும் படம் ஊரெல்லாம் சுற்றியது. ஹரிபாபு சொன்னது நடந்தது, வாசலில் ஆட்கள் நின்றார்கள். அடிபட்டவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் நல்ல கையோடு வந்தவர்கள். ‘வலியில்லாக் கை உள்ளவர்களுக்கு முன்னுரிமை’ என்று இரண்டு வார்ப்படச் சாலைகள் அறிவிப்புப் பலகை வைத்திருந்தன. இன்னொன்றில் கையுறை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஒருவன் என்னிடம் பெருமையாகவே சொன்னான்.

நல்ல கைக்கு அறுவை எளிது. வலி இழையை மட்டும் வெட்டி, இரண்டு மூடி. பக்கத்து இழை தவறி அறுந்தால் ஒட்ட, முன்னெச்சரிக்கையாக ஒரே ஒரு நேர் உறை.

முதல் நல்ல கை வந்த அன்று கோகிலவாணி அந்தக் கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்கற வயரை எதுக்குங் வெட்டறது?”

“அவரே கேட்டு வந்திருக்காருக்கா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். வேலையைவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. அவரே நிற்கிறார் என்றால் நானும் நிற்கலாம்.

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு கைகள். அதற்கிடையே ஒருநாள் ஹரிபாபு என் பதிவேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னப்பா இது? ஒவ்வொரு தடவையும் ஒண்ணைக் கீழ போடறாங்க. நீயே எழுதியிருக்க. அந்தம்மாவுக்கு வயசாயிருச்சு. மெஷின் வைப்போம். நுண்ணோக்கியில எல்லா வீடியோவும் இருக்கு, உன் பதிவேடும் இருக்கு. ரெண்டையும் குடுத்தா அதுவே கத்துக்கும். ரிப்போர்ட்டையும் அதுவே எழுதிரும். ஒரு நாளைக்கு நாலு கை.”

ஒரு வருடத்தில் ஆயிரம் கை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நான் மறுக்கவில்லை. வீடியோக்களைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் அப்படியே இயந்திரத்துக்கு அனுப்பினேன்.

இயந்திரம் வந்து இறங்கிய வாரத்தில், ஒரு காலையில் பூவேந்திரன் எங்கள் வாசலில் நின்றான். வலது கையில் பெரிய கட்டு. பக்கத்தில் ஷர்மி. அவள் இடது முழங்கையிலும் கட்டு. அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டரும் கோகிலவாணியும் அப்போது ஆய்வகத்தில்தான் இருந்தார்கள்.

“புள்ளையைக் குளிப்பாட்ட தண்ணி வெளாவினோமுங்” என்றான். “நான்தான் கையை விட்டுப் பாத்தேன். ரெண்டு சுத்து சுத்தி, பதமா இருக்குன்னு சொன்னேன். குனிஞ்சு புள்ளையை இறக்கறேன்…” அவனால் மேலே சொல்ல முடியவில்லை.

ஷர்மி சொன்னாள். “ஆவி பறக்கறதை நான் பாத்துட்டேன். கையைக் குறுக்க விட்டுப் புடிச்சுட்டேன். பாப்பா மேல ஒரு சொட்டுப் படலை.”

“என்ற கையும் வெந்துதான் கெடந்திருக்குது. தோலு உரிஞ்சு தொங்கறதைப் பொறவுதான் பாத்தேன்.” அந்தக் கையை என் முன்னால் நீட்டினான். “அண்ணா, எனக்கு வலி வேணும். திருப்பிக் குடுங்க. இந்தக் கையால இனி என்ற புள்ளையைத் தொட மாட்டேன்.”

டாக்டர் பெனசிர் மெதுவாக உட்கார்ந்தார். அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும்.

“பூவேந்திரன், மூடியை வெட்டி எடுத்துரலாம். ஆனா ஒட்டணும்னா முதல்ல ஒரு உறையை நரம்புல ஏத்திப் பின்னால தள்ளி நிறுத்தணும். அதுக்குக் கொஞ்சமாவது சுத்தமான நரம்பு வேணும். எட்டு மாசத்துல அங்கெல்லாம் தழும்பு ஒட்டியிருக்கும். அதைப் பிரிச்சா நரம்பு நார்நாராப் போயிரும். உறை ஏறாதுப்பா.”

குழந்தை தூக்கத்தில் ஒருமுறை விம்மியது. பின்னால் உப்புநீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டிருந்த கோகிலவாணி குழாயை மூடினார்.

“தொறந்து பாருங் டாக்டரம்மா.”

“அக்கா, திறந்தாலும் அங்க…”

“தொறந்துதான் பாருங்ளேன்.”

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காகத்தான் டாக்டர் சம்மதித்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, மணிக்கட்டுக்கு மேலே, வெந்த தோலுக்கு எட்டாத இடத்தில் பழைய கீறலைத் திறந்தோம். இந்த முறை நான் வெப்பமானியைப் பார்க்கவில்லை. எல்லோரும் நுண்ணோக்கித் திரையைத்தான் பார்த்தோம். டாக்டர் சொன்னதுபோலவே எங்கும் வெள்ளைத் தழும்பு. இடுக்கியின் நுனி தழும்பை ஒவ்வொரு மெல்லிய தாளாக விலக்கிக்கொண்டே போனது. மூடி தெரிந்தது. அதற்குப் பின்னால் விளக்கொளியில் ஏதோ மின்னியது.

“இது என்ன?” என்றார் டாக்டர்.

மீன் கண்போல, கண்ணாடிபோல, ஒரு நேர் உறை. சுருங்காமல், திறந்த வாயோடு, வலி இழையின் மேல் எட்டு மாதமாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தழும்பு அதன் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே நரம்பு அன்றைக்கு விட்டது விட்டபடி சுத்தமாக இருந்தது.

டாக்டர் தலையை உயர்த்திக் கோகிலவாணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

“அவரு வேண்டாம்னு எழுதிக் குடுத்ததை நான் ஒட்டலீங்” என்றார் கோகிலவாணி. “வேணும்னு வந்தா வழி இருக்கோணும்னு வெச்சேன். தண்ணி சூடு பாருங் சார்.”

வெப்பமானிக்குத் திரும்பினேன். நாற்பத்துநான்கு. நாற்பத்தைந்து. டாக்டர் இரண்டு மூடிகளையும் வெட்டினார், நுனிகளைச் சேர்த்துத் தைத்தார். கோகிலவாணி இடுக்கியால் உறையை முன்னால் இழுத்தார். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு தழும்பிலிருந்து பிரிந்து, அந்த இடத்துக்கென்றே பிறந்ததுபோல வழுக்கிக்கொண்டு வந்து இணைப்பின் மேல் நின்றது. உப்புநீரை ஊற்றினேன். சுருங்கியது. மூளைத் திரையில் எட்டு மாதமாக இருண்டிருந்த ஓர் இடம் பளிச்சென்று எரிந்தது.

“வந்துருச்சு! வந்துருச்சு!” என்று டாக்டர் என் தோளில் இடித்தார்.

மயக்கம் தெளிந்த பூவேந்திரன் முதலில் போட்டது ஓர் அலறல். “அம்மா! எரியுது! ஐயோ, கை எரியுது!” வெந்த கையின் வலி மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருந்தது. வெளியே நின்ற ஷர்மி அதைக் கேட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான். “வலிக்குது புள்ள! நெசமா வலிக்குது!” ஊசி போட வந்த நர்ஸைத் தடுத்து, “கொஞ்சம் இருங்க சிஸ்டர், ஒரு நிமிசம்” என்று கெஞ்சினான். ஷர்மி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “ஒழுங்கா ஊசியைப் போட்டுக்க.” மூன்றாம் நாள், காபி தம்ளரை அந்தக் கையால் தொட்டுவிட்டு, “சுடுது! சுடுது!” என்று தாழ்வாரம் முழுக்கக் கத்திக்கொண்டு போனான். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அறுவை நடந்த அன்று மதியமே நான் என் அறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். முதல் பக்கம்: நேர் உறை ஒன்று, கீழே விழுந்தது. இரண்டாம் பக்கம்: நேர் உறை ஒன்று, கீழே விழுந்தது. புரட்டிக்கொண்டே போனேன். நாற்பத்தொரு பக்கங்கள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. ஆட்டுக்காலில் நூற்றுச் சொச்சம் இணைப்பு போட்டு ஒன்றைக்கூட நசுக்காத கையைப் பற்றி நானே எழுதியிருந்தேன்.

பதிவேட்டோடு இறங்கிப் போனேன். கோகிலவாணி கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாக்டர்.

“நாப்பத்தொண்ணுமாக்கா?”

அவர் இடுக்கியைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். “நல்ல கையை வெட்ட ஆரம்பிச்சப்பவே போயிரலாம்னுதான் இருந்தேனுங். நான் போயிட்டா வேற ஆளு வருவாங்க. அவியளுக்குக் கை தவறாதுங்ளே.”

டாக்டர் பெனசிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று வேலைக்குத் திரும்பினார். “மீதி நாப்பது பேர் ஃபைல்லயும் நானே எழுதறேன். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு உள்ள ஒண்ணு இருக்குன்னு சொல்றேன். வேணும்னா வரட்டும். நோயாளி ஃபைல் கம்பெனிக்குப் போகாது.” என்னைப் பார்த்தார். “உங்க பதிவேடுதான் போகும், பரிதி.”

“இதுல எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு” என்றேன்.

ஆனால் வெளியே அந்த இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு இரக்கமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. ஒரு நாளைக்கு நாலு கை. அந்த வாரக் கடைசியில் ஹரிபாபுவுக்கு முன்னால் சோதனை ஓட்டம். அதற்கு மேல் கோகிலவாணிக்கு வேலை இல்லை. ஆயிரம் கைகளிலும் மூடி மட்டும்தான் இருக்கும். ஏதாவது சொல்லி நிறுத்த முடியுமா என்று நான்கு நாட்கள் யோசித்தேன். என்ன சொன்னாலும் அந்த நாற்பத்தொரு பக்கங்கள் வெளியே வந்துவிடும். எதுவும் தோன்றாமலே சோதனைக்குப் போய் நின்றேன்.

மேசையில் ஆட்டுக்கால். தட்டில் இரண்டு மூடிகள், ஒரு நேர் உறை. கோகிலவாணி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தொடங்கு” என்றார் ஹரிபாபு.

இரண்டு மெல்லிய உலோகக் கைகள் இறங்கின. இழையைப் பிரித்து வெட்டின. அடுத்ததாக மூடியை எடுக்கும் என்று எதிர்பார்த்தோம். அது நேர் உறையை எடுத்தது. இழையின் நுனியில் நுழைத்துப் பின்னால் தள்ளியது. பக்கத்துக் கிண்ணத்திலிருந்து குளிர்ந்த பஞ்சை எடுத்து அதன் மேல் மூடியது. பிறகுதான் மூடிகளை ஏற்றி வெந்நீரைப் பாய்ச்சியது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். ஹரிபாபு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரோரம் பார்த்தேன். கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றிச் சேலை முனையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்பத்திரண்டு செகண்டு!” ஹரிபாபு கைதட்டினார். “அந்தப் பஞ்சு எதுக்கு வைக்குது?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து பதில் வந்தது.

“பழக்கமுங்.”

இயந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து அறிக்கைத் தாள் நீண்டு வெளியே வந்தது. ஹரிபாபு அதைப் பிய்த்துப் படித்தார். அவர் நெற்றி சுருங்கியது. தாளை என்னிடம் கொடுத்தார்.

“இதுவுமா?” என்றார்.

இழை ஒன்று. மூடி இரண்டு. நேர் உறை ஒன்று, கீழே விழுந்தது.

எழுத்துப் பிசகாமல் என் வாக்கியம். ஹரிபாபு குனிந்து தரையில் தேடிக்கொண்டிருந்தார். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளின் அடியில் கையெழுத்திட்டேன்.